குளியலறைக்குப் போக ஏன் படியேற வேண்டும்? பாண்டிச்சேரியின் பழைய வீட்டு ஹோட்டல்கள்

பாண்டிச்சேரியில் பழைய வீட்டைப் புதுப்பித்து நடத்தும் சின்ன ஹோட்டல் எதிலாவது மாடி அறையில் தங்கியிருந்தால் இது உங்களுக்கும் நடந்திருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இருட்டில் பாத்ரூமுக்குப் போவீர்கள், கால் கட்டைவிரல் ஒரு படியில் நச்சென்று இடிக்கும். படுக்கையறைத் தரை ஒரு மட்டம், குளியலறைத் தரை அதைவிட அரை அடி உயரம், சில இடங்களில் அதற்கும் மேல். ஒரு ராத்திரிக்கு எட்டாயிரம் ரூபாய் வாங்குகிறார்கள், ஒரு தரையைச் சமமாகப் போடத் தெரியாதா என்று முதல் தடவை எனக்கும் கடுப்பாகத்தான் இருந்தது. காலையில் கீழே போய்க் கேட்டேன். மேனேஜர் கோபப்படவில்லை, "அந்தப் படி இல்லன்னா உங்களுக்குக் கீழ் ரூம்ல இருக்கறவங்க தலையில தண்ணி சொட்டும் சார்" என்றார்.

அது சமாளிப்பு இல்லை, உண்மை. இந்த வீடுகளின் மாடித் தரை கான்கிரீட் கிடையாது. மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசை வைத்து, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், கட்டைகளுக்குக் கோணலாக, சுண்ணாம்புச் சாந்து தடவி ஒன்றோடொன்று இறுக்கி அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கு ஒன்று, அதை ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். மொட்டைமாடி என்றால் கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். கம்பி இல்லை, சிமென்ட் இல்லை, முழுக்க மரமும் மண்ணும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் ஏற்பாடு.

இன்றைய அடுக்குமாடி வீட்டில் குளியலறை வரும் இடத்தில் தளத்தையே கொஞ்சம் தாழ்த்தி வார்த்து, குழாய்களை அந்தப் பள்ளத்துக்குள் ஒளித்துவிடுவார்கள். மெட்ராஸ் டெரஸில் அந்த வித்தைக்கு இடமில்லை. இஷ்டத்துக்குத் துளை போட்டால் செங்கல் அடுக்கின் பிடி தளர்ந்துவிடும். துளை போடாமலே ஈரம் மட்டும் இறங்கினாலும் போதும், சுவருக்குள் செருகியிருக்கும் கட்டையின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும், மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். அதனால் பழைய தரையைத் தொடாமல், அதன் மேல் நீர் இறங்காத படலம் ஒன்றை விரித்து, குழாய்களை அதற்கு மேலே ஓடவிட்டு, அதை மூடப் புதிதாக இன்னொரு தரை எழுப்புகிறார்கள். உங்கள் கட்டைவிரல் இடிப்பது அந்த இரண்டாவது தரையின் விளிம்பில்தான்.

இந்தப் படியைப் புரிந்துகொண்டால் இப்படிப்பட்ட ஹோட்டல்களில் நமக்கு விசித்திரமாகப் படும் முக்கால்வாசி விஷயம் புரிந்துவிடும். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது. கழிப்பறை கொல்லையில் இருந்தது, குளியல் கிணற்றடியில் நடந்தது. அதைப் பத்து அறை ஹோட்டல் ஆக்கினால் பத்துக் குளியலறை வேண்டும், பத்துக்கும் வெந்நீர் வேண்டும், பத்திலிருந்தும் கழிவு இறங்க வழி வேண்டும். ஒரு பழைய வீட்டுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய அத்துமீறல், என்னைக் கேட்டால், இதுதான். அதனால்தான் குளியலறை ஒரு அறையில் பழைய சாமான் அறைக்குள் ஒடுங்கியிருக்கும், இன்னொன்றில் படுக்கையறையின் ஒரு மூலையை மறித்து, கூரை வரை எட்டாத பாதிச் சுவரோடு நிற்கும். பாதிச் சுவர் ஏன் என்றால், முழுச் சுவர் எழுப்பினால் அதன் பாரம் பழைய கட்டைகள் மேல் இறங்கும், அறையின் பழைய உருவமும் போய்விடும். கூட வந்தவரோடு எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்து அது உங்களுக்குப் பிடிக்கும் அல்லது பிடிக்காது.

அறைகளின் வடிவமும் அப்படித்தான். நீளமாக இருக்கும், அகலம் இருக்காது. படுக்கையைப் போட்டால் சுற்றி நடக்க இடம் குறைவு, ஆனால் கூரை எங்கோ உயரத்தில். கட்டையின் நீளத்துக்கு மேல் சுவரைத் தள்ளி வைக்க முடியாது என்பதால் அறையின் அகலத்தைத் தேக்கு மரம்தான் முடிவு செய்தது, வீட்டுக்காரர் இல்லை. உயரத்தை வெயில் முடிவு செய்தது. மின்விசிறி வராத காலத்தில் சூடு மேலே போய் நிற்க இடம் வேண்டுமே. அதே உயரம் இப்போது ஏசிக்குத் தலைவலி, ஏனென்றால் ஆள் படுத்திருக்கும் ஆறடிக்காக மேலே இருக்கும் காற்றையும் சேர்த்துக் குளிரவைக்க வேண்டியிருக்கிறது.

சரி, இந்த வீடுகள் எவ்வளவு பழையவை? விளம்பரங்களில் முந்நூறு வருஷம் என்று அடித்துவிடுவதைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். 1761 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார்கள். அதற்குப் பிறகு ஆங்கிலேயர் ஊரைத் திட்டமிட்டு இடித்துத் தள்ளினார்கள், கோட்டையும் துப்ளேக்ஸ் கட்டிய ஆளுநர் மாளிகையும் எல்லாம் தரைமட்டம். 1763-இல் பாரிஸ் ஒப்பந்தம் வந்து, 1765-இல் ஊர் திரும்பக் கைக்கு வந்த பிறகுதான் மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். தெருக்களின் நேர்கோடுகள் மட்டும் பழையவை, அதிலும் டச்சுக்காரர்களுக்குப் பங்கு உண்டு. 1693-இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தபோது அவர்கள் போட்ட கட்டத் திட்டத்தின் மேல்தான் பிரெஞ்சுக்காரர்கள் தொடர்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு போல இடிப்புக்கு முந்திய கட்டடம் என்று காட்ட மிகச் சிலதான் உண்டு. மற்றபடி இன்று நீங்கள் தங்கும் வீடு பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலோ, பத்தொன்பதிலோ, இருபதின் தொடக்கத்திலோ கட்டியது. அதுவே போதுமான வயசுதான், முந்நூறு ஆக்க வேண்டிய அவசியமில்லை.

ஊரைப் பிரிப்பது பெரிய வாய்க்கால். கடல் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி, இப்போது எல்லோரும் ஒயிட் டவுன் என்கிறார்கள். மேற்குப் பக்கம் தமிழர் பகுதி. இந்த இரண்டு பக்கத்து வீடுகளும் தெருவோடு பேசும் விதமே வேறு. கடல் பக்க வீடு தெருவுக்கு முகம் காட்டாது. உயர்ந்த மதில், அலங்காரமான வாசற்கதவு, அதைத் திறந்தால் உள்ளே தோட்டம், தோட்டத்தைப் பார்த்தபடி தூண் வரிசை, சாய்ந்த மரப்பட்டைகள் கொண்ட நெடிய ஜன்னல்கள். ரொமேன் ரோலன் வீதியில் இருக்கும் ஒத்தேல் தெ லோரியான் இந்த வகைக்கு நல்ல உதாரணம். ஒரு காலத்தில் பிரெஞ்சு நிர்வாகத்தின் கல்வித் துறை அங்கே இருந்தது, பிறகு நீம்ரானா குழுமம் அதை ஹோட்டலாக்கியது.

தமிழர் பகுதி வீடு நேர் எதிர். தெருவிலேயே ஆரம்பித்துவிடும். முதலில் தாழ்வாரம், மரத்தூண்கள் தாங்கும் சரிந்த ஓட்டுக் கூரை, வீட்டுக்காரர் தன் செலவில் தெருவில் போகிறவனுக்குக் கொடுத்த நிழல். வரிசையாகப் பல வீடுகளின் தாழ்வாரம் சேர்ந்தால் தெரு முழுக்க ஒரு நடைபாதை கிடைத்துவிடும். அதற்குள் திண்ணை, அது விருந்தாளிக்கும் வழிப்போக்கருக்கும். அப்புறம்தான் கதவு, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். பெருமாள் கோயில் வீதியில் சிஜிஎச் எர்த் என்ற ஹோட்டல் குழுமம் நடத்தும் மேசோன் பெருமாள் இந்த வகை. பத்தே அறை. முற்றத்தைச் சுற்றி அறைகள் என்ற இந்த அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அது ஏற்கெனவே பாதி ஹோட்டல். நடுவில் பொதுவான வெளிச்சம், நாலு பக்கமும் தனித்தனிக் கதவு. பழைய வீடுகள் அலுவலகமாகவோ கடையாகவோ மாறும்போது சுவர்களை இடிக்க வேண்டியிருக்கிறது, ஹோட்டலாக மாறும்போது பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. கட்டடத்துக்கு இது பெரிய அதிர்ஷ்டம்.

இரண்டு பாணியும் கலந்த வீடுகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. தரைத்தளம் திண்ணையும் தாழ்வாரமுமாக அச்சு அசல் தமிழ் வீடு, நிமிர்ந்து பார்த்தால் மாடி மட்டும் வளைவு ஜன்னலும் சுதைத் தூணும் கைப்பிடிச் சுவருமாக பிரெஞ்சு. வசதி வந்தபோது மாடி எழுப்பிய வணிகர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்த அழகைத் தன் வீட்டு மேலும் வைத்துக்கொண்டார். மறுபக்கம் பிரெஞ்சுக்காரர் வீட்டுக் கூரையும் அதே மெட்ராஸ் டெரஸ்தான், பூச்சும் அதே சுண்ணாம்புதான், ஏனென்றால் இரண்டு பக்கமும் கட்டியது இங்கத்திக் கொத்தனார்கள்தானே. காலனிய வில்லா என்று சொல்லிக் காட்டும் வீட்டின் எலும்பும் தோலும் தமிழ்நாட்டுக் கட்டட வேலை. இதை ஹோட்டல்காரர்கள் அதிகம் சொல்வதில்லை. மஞ்சள் சுவருக்குத்தான் மவுசு.

சுண்ணாம்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், புதுப்பித்தல் என்ற வேலை நல்லதாகவும் நாசமாகவும் ஆவது அங்கேதான். பழைய சுவர் மூச்சு விடும் என்பார்கள், கவித்துவமாகத் தோன்றினாலும் அது நேரடியான விஷயம். அஸ்திவாரத்திலிருந்து ஈரம் மேலே ஏறும், மழையில் வெளியிலிருந்து உள்ளே ஊறும், சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வாங்கி வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். இதன் மேல் சிமென்ட் பூசினால் வழி அடைபட்டுப்போகும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் செங்கல்லிலும் கடல் காற்றிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வேறு இடம் தேடும், சுவரில் ஓதம் அடிக்கும், உப்புப் பூக்கும், கொஞ்ச நாளில் சிமென்ட் பூச்சு பழைய செங்கல்லின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு பாளம் பாளமாக விழும். பலப்படுத்துவதாக நினைத்துச் செய்த வேலை சுவரைத் தின்றுவிடும். பளபளக்கும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் இதையேதான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

சரியாகச் செய்வதென்றால் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும், மணலோ செங்கல் தூளோ சேர்த்து அரைக்க வேண்டும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட வேண்டும். பூசிய பிறகும் ஒவ்வொரு பூச்சும் காய அவகாசம் வேண்டும், கடைசிப் பூச்சை வழவழவென்று தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். சிமென்ட் பூச்சு மறுநாளே இறுகிவிடும், சுண்ணாம்பு வருஷக்கணக்கில் காற்றிலிருந்து கரியமிலவாயுவை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகும். பொருள் செலவு பெரிதில்லை, நாள் கூலிதான் பெரிது. அதைவிடப் பெரிது, இந்த வேலை தெரிந்த கையைத் தேடிப் பிடிப்பது.

அதோடு ஏசி. வெளியே கடலோரத்தின் பிசுபிசுப்பு, உள்ளே விருந்தாளி 18 டிகிரி வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறார். குளிர்ந்த சுவரில், குளிர்ந்த மரத்தில், ஈரக் காற்று பட்ட இடமெல்லாம் தண்ணீர் கோர்க்கும். மர ஜன்னல்களோ காற்று புகுவதற்கென்றே செய்தவை, அவற்றின் இடுக்குகளை அடைக்க உள்ளே இன்னொரு கண்ணாடிக் கதவு போடுகிறார்கள். பழைய வீட்டு ஹோட்டலில் ஒரு மாதிரி வாடை வருகிறது என்று பலர் எழுதுவார்கள். சில இடங்களில் அது அசல் அலட்சியம். சில இடங்களில், காற்றோட்டத்துக்காகப் பிறந்த வீட்டை நாம் இறுக்கிச் சாத்தியதன் வாடை.

இவ்வளவு பாடு பட்டு ஏன் ஹோட்டல் நடத்த வேண்டும், வீடாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். வீடாக இருக்க வீட்டுக்காரர் வேண்டும். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, சட்டப்படி இணைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அதற்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று முடிவு செய்ய ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அதைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய, பாண்டியில் சொல்தா என்று சொல்கிற குடும்பங்கள், இவற்றில் பலவற்றின் அடுத்த தலைமுறை பிரான்சில் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஏழு வாரிசு, நாலு பேர் அங்கே, இரண்டு பேர் சென்னையில், ஒருவர் மட்டும் இங்கே. ஓடு மாற்றச் செலவு யார் தருவது என்பதில் ஆரம்பித்துப் பாகப்பிரிவினை வழக்கு வரை போகும். வழக்கு நடக்கும் வருஷங்களில் யாரும் மாடியில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க மாட்டார்கள். அந்தக் கன்று ஒரு மெட்ராஸ் டெரஸை முடித்துவிட நாலைந்து மழை போதும்.

அப்போது முன்னால் இருக்கும் வழிகள் மூன்றுதான். இடித்துவிட்டு நாலு மாடி கட்டி விற்பது, அப்படியே விட்டுவிடுவது, அல்லது மாடி ஏற்றாமலே மனையின் விலைக்கு ஈடாக வருமானம் தரும் ஒரு தொழிலுக்கு விடுவது. மூன்றாவதில் ஹோட்டலை விட்டால் வேறு அதிகம் இல்லை. விரலால் ஒரு கணக்குப் போடலாம். பத்து அறை, ஒரு அறைக்கு எட்டாயிரம், வருஷத்தில் பாதி நாள்தான் நிறைகிறது என்றே வைத்துக்கொள்வோம், 1,825 அறை-ராத்திரி, ஒரு கோடியே 46 லட்சம் ரூபாய் வரவு. கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் பத்து அறைக்கும் ஒரு சமையல்காரர், ஒரு இரவுக் காவலர், ஒரு மேனேஜர் வேண்டும், ஐம்பது அறைக்கும் அதேதான். சின்ன ஹோட்டலில் ஒவ்வொரு அறையும் அதிக ஆட்களின் சம்பளத்தைத் தூக்குகிறது. பெரிய ஹோட்டல் கல்யாணத்திலும் மாநாட்டிலும் சம்பாதிக்கும், இவர்களுக்கு ஹாலே கிடையாது. அதற்கு மேல் வருஷா வருஷம் கூரை.

வாடகைச் சீட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதாவது 7,500 ரூபாய் அறைக்கு நீங்கள் கட்டுவது 7,875, எட்டாயிரம் ரூபாய் அறைக்கு 9,440. ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் பில்லில் 1,565 ஆகிவிடுகிறது. ஒரே வீட்டில் கீழ் அறைக்கும் மாடி அறைக்கும் விலை எங்கே பிரிகிறது என்று பார்த்தால் இந்தக் கோடு அடிக்கடி கண்ணில் படும்.

இப்படிப்பட்ட சின்ன ஹோட்டல்களுக்குச் சொல்லும் பூட்டிக் ஹோட்டல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதும் சொல்லிவிடுகிறேன். 1984-இல் நியூயார்க்கில் மார்கன்ஸ் என்ற ஹோட்டலைத் திறந்த இருவரில் ஒருவரான ஸ்டீவ் ரூபெல், மற்ற ஹோட்டல்கள் பல்பொருள் அங்காடி மாதிரி, எங்களுடையது பூட்டிக் மாதிரி என்று ஒப்பிட்டதிலிருந்து அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சில் பூட்டிக் என்றால் வெறும் கடை. பிரெஞ்சு தெரிந்த பாண்டிக்காரர் காதில் அது கடை ஹோட்டல். போதாததற்கு பிரெஞ்சில் ஒத்தேல் என்றால் மாளிகைக்கும் பொருந்தும், நகர மன்றத்துக்கும் பொருந்தும், நமக்கோ ஹோட்டல் என்றால் இட்லி கிடைக்கும் இடம். பெயரில் எதையும் தேடாதீர்கள்.

பழைய கட்டடத்தில் ஹோட்டல் என்பது இந்தியாவில் ராஜஸ்தான் வழியாகத்தான் பெரிதானது. ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957-லேயே ஹோட்டல் ஆகிவிட்டது, 1971-இல் மன்னர் மானியம் ஒழிந்ததும் மற்ற அரண்மனைகளுக்கும் வேறு போக்கு இல்லாமல் போனது. ஆனால் அரண்மனையில் நடந்ததையும் நகர வீட்டில் நடப்பதையும் ஒன்றாக்கக் கூடாது. அரண்மனைக்கு எப்போதும் விருந்தாளிப் பகுதி இருந்தது, வேலையாள் இருந்தார்கள், ஊரிலிருந்து அது ஏற்கெனவே தள்ளி இருந்தது. வீதியில் இருக்கும் வீடு அக்கம்பக்கத்தில் ஒருவராக இருந்தது. அது ஹோட்டல் ஆகும்போது வீதி ஒரு குடும்பத்தை இழக்கிறது.

அரசுக் கணக்கில் பாரம்பரிய ஹோட்டல் என்ற தகுதிக்கு வரையறை இருக்கிறது. சுற்றுலா அமைச்சகத்தின் விதிப்படி கட்டடம் 1950-க்கு முன்னால் கட்டியதாக இருக்க வேண்டும், கிளாசிக், கிராண்ட் என்ற மேல் வகைகளுக்கு 1935-க்கு முன்னால். புதிதாகச் சேர்க்கும் பகுதி மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதைத் திருப்பிப் பார்த்தால், கிட்டத்தட்ட பாதி புதிதாக இருந்தாலும் முழுதும் பாரம்பரியம் என்று பலகை மாட்டலாம் என்று அர்த்தம். பாண்டியில் அதையும் கேட்காமல், 2000-க்குப் பிறகு கம்பி கட்டிக் கான்கிரீட் வார்த்து, மஞ்சள் அடித்து, வெள்ளைக் கோடு போட்டுவிட்டால் போதும், படமெடுக்க வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள விரும்பினால் அறைக்குள் நுழைந்ததும் மேலே பாருங்கள். கட்டைகளுக்கு நடுவே குத்துவாட்டுச் செங்கல் கோணலாக ஓடுகிறதா, அல்லது வழவழப்பான தளத்துக்குக் கீழே அழகுக்கு ஒட்டிய மரமா? ஜன்னல் விளிம்பில் நின்று சுவரின் தடிமனை முழங்கையால் அளந்து பாருங்கள். எல்லா அறையும் ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படுங்கள். எல்லா அறையிலும் வைஃபை ஜோராக வந்தாலும்தான், தடித்த சுவர் அதற்கு ஜென்ம எதிரி. அப்புறம் அந்தக் குளியலறைப் படி.

புது வீட்டைப் பழைய மாதிரி கட்டுவது குற்றம் என்று சொல்லவில்லை. வாங்கும் காசு எதற்கு என்று தெரிந்தால் சரி. அசல் பழைய வீட்டுக்கு முன்பதிவு செய்யும்போதும் சிலவற்றைப் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. லிஃப்ட் இருக்காது, மாடிப்படி செங்குத்தாக இருக்கும், மூட்டு வலி உள்ள அம்மா அப்பாவைக் கூட்டிப்போனால் கீழ் அறை வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். மேலே யாராவது நாற்காலி இழுத்தால் கீழே கேட்கும். முற்றத்தில் ஒருவர் போன் பேசினால் நாலு அறைக்கும் அவர் குடும்ப விவகாரம் தெரிந்துவிடும். தெருப் பக்க அறை அழகுதான், ஆனால் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடுவதில்லை என்பதால் வார இறுதியில் கார்கள் உள் வீதிகளில் இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வரும்.

அந்தக் கார்களைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒயிட் டவுனில் சில வீதிகளில் ராத்திரி நடந்து பாருங்கள். ஆசிரமத்தின் சாம்பல்-வெள்ளைக் கட்டடங்களையும் சில அலுவலகங்களையும் தள்ளிவிட்டால் மிச்சத்தில் நிறைய கஃபே, ஹோட்டல், விருந்தினர் இல்லம். துணி காயவில்லை, குக்கர் விசில் இல்லை. கட்டடத்தைக் காப்பாற்றிய அதே தொழில் தெருவைக் காலி செய்கிறது, இரண்டும் உண்மை. வாடகை இப்படி ஏறினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆசை வரத்தானே செய்யும்.

வேறு வழி இருந்ததா? ஓரளவு முயன்று பார்த்தார்கள். 1980-களிலிருந்து பாண்டியில் வேலை செய்யும், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பீனோவும் பிரான்சின் வில்நவ்-சூர்-லோத்தும் கூட்டாளிகளாக இருக்க, வைசியாள் வீதியை எடுத்துக்கொண்டது. இங்கே குடும்பங்களை அனுப்பிவிடவில்லை. குடியிருப்பவர்கள் இருக்கும்போதே, செலவில் அவர்களுக்கும் பங்கு வைத்து, தெருமுகப்புகளைச் சரி செய்தார்கள், அடைத்திருந்த தாழ்வாரங்கள் சில மறுபடி திறந்தன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுப் பட்டியலிலும் அந்த வீதி வந்தது. நல்ல வேலை. ஆனால் முகப்புக்கு உதவி கிடைத்தது, முகப்புக்குப் பின்னால் இருக்கும் கூரைக்கு வருஷா வருஷம் யார் கொடுப்பது என்ற கேள்வி வீட்டுக்காரரிடமே நின்றுவிட்டது. அதற்குப் பதில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அரசாங்கமே செய்து காட்டியது. கடற்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டடம் (பிரெஞ்சில் மேரி என்றால் நகர மன்றம்), நகராட்சியின் சொந்தக் கட்டடம், பல வருஷம் பழுது பார்க்காமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்தது. உலக வங்கிப் பணத்தில் அதே உருவத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். இன்று அதன் முன்னால் நின்று படம் எடுப்பவர்கள் எடுப்பது ஒரு நகலை.

நான் தங்கிய அந்த வீட்டில் கடைசி நாள் காலையில் மேலே டொக் டொக் என்று சத்தம் கேட்டது. எரிச்சலோடு மாடிக்குப் போனேன். மொட்டைமாடியில் வயசான கொத்தனார் ஒருவரும் இரண்டு சித்தாள்களும் விரிசல் விட்ட தட்டோடுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பழைய டிரம்மில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் இதே வேலையா அண்ணே என்று கேட்டேன். "ஒரு வருசம் ஒரு பக்கம் தம்பி. மொத்தமும் ஒரேடியா பிரிச்சா ரூம் எப்படி விடறது" என்றார். அவர் உட்கார்ந்திருந்தது என் அறைக்கு நேர் மேலே. கீழே வந்து பில் கட்டும்போது மேனேஜர், நான் தங்கியிருந்த அறையை அடுத்த பத்து நாளைக்கு யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்றார். ஐப்பசி பிறப்பதற்குள் அந்தப் பக்கத்தை முடித்தாக வேண்டுமாம்.